பேரு முத்தி

முன்வாசலில் மேளம் அதிர்ந்துகொண்டிருந்தபோது குஞ்சம்மாள் கொல்லையில் குந்தி, மரத்தூள் அடுப்பின் அடி ஓட்டைக்குள் விறகுக் குச்சியை விரற்கடை விரற்கடையாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். கட்டிய புருஷனைக் கூடத்தில் கிடத்தியிருக்கிறது. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி, தலைமாட்டில் விளக்கேற்றி வைத்தாயிற்று. பெண்டாட்டிக்காரி கொல்லையில் அடுப்பு பார்க்கிறாள் என்று தெரிந்தால் முதலியார்பேட்டையே காறித் துப்பும். பிணம் கிடக்கிற வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. பால்குடி மறவாத பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. குஞ்சம்மாளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்துகொண்டிருந்தாள்.

அடுப்பின் மேல் இருந்தது சோறும் இல்லை, குழம்பும் இல்லை. மூடி மேல் அரைச் செங்கல் ஏற்றிய ஓர் இரும்புக் குண்டான். உள்ளே ஆலைப் பாய்லரில் எரிந்து மிஞ்சிய நிலக்கரிச் சாம்பல், காஸ்டிக் சோடாத் தண்ணீரில் கொழகொழவென்று கொதித்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை ஆலையின் காலைச் சங்குக்கு ஏற்றியது. புதன்கிழமை காலைச் சங்கு வரை கொதி நிற்கக் கூடாது. இன்று செவ்வாய். நடுவில், ஏற்றிவைத்த புருஷன் சாமிக்கண்ணு போய்ச் சேர்ந்துவிட்டார்.

விடியற்காலை பால்காரன் சைக்கிள் மணி கேட்டு எழுந்து வந்தவள், இதே இடத்தில்தான் அவரைப் பார்த்தாள். சுவரில் சாய்ந்து, கையில் குச்சியோடு, அடுப்பையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "ராவெல்லாம் இதும் பக்கத்துலயேவா? மூஞ்சி கழுவக்கூட நேரமில்லையா?" என்று வழக்கமான பாட்டைத்தான் முதலில் பாடினாள். பதில் வரவில்லை என்றதும் கோபத்தில் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கினாள். அது பிடியே இல்லாமல் வந்துவிட்டது. தொட்டுப் பார்த்தாள். விரலெல்லாம் சில்லிட்டிருந்தது.

முந்தின நாள் சாயங்காலமே நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். வாயு என்று இவள் இஞ்சியைத் தட்டிக் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொன்னார்: "எனக்குக் கண்ணு அசந்துட்டா நீ கொஞ்சம் பாத்துக்க குஞ்சு. கொதி மட்டும் நிக்கக் கூடாது." அதற்கு இவள், "உன் சக்களத்திக்கு நான் கஞ்சி காச்சணுமா? போய்யா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். முப்பது வருஷத்தில் ஆயிரம் தடவை சொன்ன பேச்சு. இந்த ஒரு தடவை அதுவே கடைசிப் பேச்சாக நின்றுவிட்டது. அதைத் திருப்பி வாங்க வழியில்லை. கொதியை நிற்காமல் பார்த்துக்கொள்ள மட்டும்தான் வழியிருந்தது.

சக்களத்திக்கு ஒரு கதை உண்டு. சாமிக்கண்ணு ஆலையில் பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன். பாய்லருக்குப் போகிற தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால் குழாயெல்லாம் உள்ளே பாறை கட்டிவிடும். அதற்காக அங்கே ஆளுயர இரும்பு உருளை ஒன்று நிற்கும். தண்ணீர் அதற்குள் புகுந்து வந்தால் சுண்ணாம்பெல்லாம் அங்கேயே நின்றுவிடும். பிரெஞ்சுக்காரன் அதற்கு என்னவோ பேர் வைத்திருந்தான். அவன் கப்பலேறிப் போன பிறகும் பேர் போகவில்லை, தொழிலாளிகள் வாயில் அரைபட்டு 'பெர்முத்தி' என்று நின்றது. கல்யாணமான புதிதில் ஒருநாள் சாமிக்கண்ணு வாசலில் நின்று கூட வேலை செய்கிறவரிடம், "பெர்முத்திக்கு உப்பு குடுத்துட்டு வந்துட்டேன், ராவெல்லாம் தாங்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே முறத்தோடு உட்கார்ந்திருந்த குஞ்சம்மாள் காதில் விழுந்தது 'பேரு முத்தி'.

ஒருத்தி இருக்கிறாள்; பேரு முத்தி; அவளுக்கு உப்பு புளி வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறார். மூன்று நாள் வீட்டில் உலை ஏறவில்லை. நான்காம் நாள் சாமிக்கண்ணு இவளை ஆலைக்கே அழைத்துப் போய், கேட்காரனைக் கெஞ்சி உள்ளே கூட்டிச் சென்று, உருளை மேல் இவள் கையை எடுத்து வைத்தார். "இவதான் முத்தி. நல்லா பாத்துக்க." இரும்புக்காரி என்று தெரிந்ததும் கோபம் போயிற்று. பேர் போகவில்லை.

அந்த உருளைக்குள் என்ன இருக்கிறது என்கிற கேள்விதான் மனுஷனைப் பிடித்து ஆட்டியது. திறந்து பார்த்தால் வெறும் மணல் மாதிரி. அந்த மணல் எப்படிச் சுண்ணாம்பைப் பிடிக்கும்? உப்புத் தண்ணீர் விட்டால் மறுபடி எப்படிப் பலம் வரும்? ஆலைக் கெமிஸ்ட் இராமதாஸைக் கேட்டுக் கேட்டு வைத்தார். மணலும் களிமண்ணும் சோடாவும் சேர்ந்து வெந்த சரக்குதான், நீ தினம் வாரிக் கொட்டுகிற சாம்பலிலும் முக்கால்வாசி அதே பண்டம்தான் இருக்கிறது என்று அவர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் மறந்துவிட்டார். கேட்டவர் மறக்கவில்லை. பிறகு ஒருநாள், துணி ஊறுகிற தொட்டியிலிருந்து காஸ்டிக் தண்ணீர் வழிந்து பாய்லருக்குப் பின்னால் இருந்த சுடுசாம்பல் மேட்டில் இறங்கியிருந்ததைப் பார்த்தார். மேலே வெள்ளையாக ஏடு கட்டியிருந்தது. ஒரு பிடி எடுத்துவந்து, நன்றாக அலசி, கைபம்புத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்துச் சோப்புப் போட்டார். கொஞ்சம், ஒரு கொட்டாங்கச்சி அளவு, நுரைத்தது.

கைபம்புத் தண்ணீரைப் பற்றித் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பருப்பு வேகாது. சோப்புப் போட்டால் நுரைக்குப் பதில் தயிர் திரிந்த மாதிரி ஓர் அழுக்கு மிதக்கும். தலைக்கு ஊற்றினால் மயிர் தென்னந்துடைப்பம். அந்த ஒரு கொட்டாங்கச்சி நுரையைப் பார்த்த நாளிலிருந்து ஏழு வருஷம். கண்ணில் பட்ட சாம்பலையெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டுவந்தார். முதல் தடவை இவளுடைய அலுமினியக் குண்டானில் ஏற்றினார். அது சீறிக்கொண்டு பொங்கி, அரை மணியில் அடி ஓட்டையாகிப் போயிற்று. அலுமினியத்தைக் காஸ்டிக் தின்றுவிடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இவள் அதற்குப் பாடிய ஒப்பாரியைத் தெருவே கேட்டது. இரும்புக்கு மாறினார். அரை நாள் கொதிக்கவைத்தது பழையபடி சாம்பலாகவே கிடந்தது. ஒரு நாள் கொதிக்கவைத்தது பாதிதான் தேறியது. தேறியதைக் கொல்லைச் சுவருக்கு அந்தப்பக்கம் ரோஷன் பீவியின் ஆட்டுக்கொட்டகையில் தூவினார்கள். மூத்திர நாற்றம் பாதியாகக் குறைந்தது, ஆடுகள்கூடத் தும்மலை நிறுத்தின. ஆனால் தண்ணீர்? தண்ணீர் பிடிகொடுக்கவில்லை. போன மாதம்தான் ஒரு முடிவுக்கு வந்தார். இந்தத் தடவை முழுசாக இரண்டு நாள், நிறுத்தாமல்.

"அது ஒரு டவுன் பஸ்ஸு குஞ்சு" என்று விளக்குவார். "சீட்டெல்லாம் உப்பு ஒக்காந்திருக்கும். சுண்ணாம்பு வந்து ஏறினா உப்பு எறங்கிக்கும். தண்ணி மெத்துன்னு ஆயிரும். அதுல சோப்பு போட்டா, ரோஷன் பீவி உன் கையில மாட்டினாளே பச்சை வளையல், அது தானா கழண்டு வரும் பாரு."

அந்த வளையல் விஷயம் குஞ்சம்மாளுக்கு ஒரு வேதனை. ரோஷன் பீவிக்குப் பெரிய மார்க்கெட்டில் வளையல் கடை. பொங்கலுக்கு, கைக்கு ஆறு என்று பன்னிரண்டு பச்சைக் கண்ணாடி வளையல் போட்டாள். உழைத்துத் தடித்த கை, சிறுத்த அளவு. சோப்புத் தேய்த்துத் தேய்த்து அரை மணி நேரம் நசுக்கித்தான் ஏற்றினாள். ஏறினது இறங்கவில்லை. இறங்கவும் வேண்டாம் என்றிருந்தாள்.

மேளம் சற்று ஓய்ந்தது. குஞ்சம்மாள் மூடியை ஒரு துணியால் பிடித்து விலக்கி, ஒதுங்கி நின்று எட்டிப் பார்த்தாள். ஆவி முகத்தில் படக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். சாம்பல் கறுப்பாக இல்லை. வெளுத்த மாதிரியும் இருந்தது, இவள் ஆசைக்கு அப்படித் தெரிகிற மாதிரியும் இருந்தது. குறைந்த அளவுக்குச் சுடுதண்ணீர் விட்டு மூடினாள்.

பதினோரு மணி வாக்கில் கெமிஸ்ட் இராமதாஸ் மாலையோடு வந்தார். பிரெஞ்சுப் படிப்புப் படித்தவர். ஆலையில் எல்லோரும் 'முசியே' என்றுதான் கூப்பிடுவார்கள், பிரெஞ்சில் ஐயா. மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பியவரை, மகன் கலியமூர்த்தியிடம் ஜாடை காட்டிப் பின்கட்டுக்கு அழைத்து வரச் செய்தாள். கலியமூர்த்தி அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பார்த்தான். இருந்தாலும் அழைத்து வந்தான்.

"ஐயா, நடுவுல ஆறிப்போனா கெட்டுருங்களா?" என்று கேட்டாள்.

அவர் பிணத்தைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து விழித்தார். அவள் குண்டானைக் காட்டியதும்தான் விளங்கியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். இன்னும் இதை விடவில்லையா அவர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாதியில் நின்றால் பாதியிலேயே நின்றாலும் நின்றுவிடும், திரும்பச் சூடேற்றினால் வேறு ஏதாவதாக மாறினாலும் மாறும், இதை இந்த ஊரில் யாரும் செய்து பார்த்ததில்லை, அதனால் தனக்கு உண்மையிலேயே தெரியாது என்றார். படித்த மனுஷன் தெரியாது என்று சொன்னது குஞ்சம்மாளுக்கு ஒருவிதத்தில் தைரியமாக இருந்தது. தெரியாத காரியத்தைத்தானே சாமிக்கண்ணுவும் ஏழு வருஷமாகச் செய்துகொண்டிருந்தார்.

"இன்னொண்ணு கேக்கணும். பெர்முத்தின்னா இன்னாங்க அர்த்தம்?"

"பெர்முத்தேன்னா பிரெஞ்சுல எடம் மாத்திக்கிறதும்மா. ஒண்ணு எறங்கி இன்னொண்ணு ஏறிக்கிறது. வேற ஒண்ணுமில்ல."

டவுன் பஸ். முப்பது வருஷம் சக்களத்தி என்று ஏசியதெல்லாம் ஒரு டவுன் பஸ்ஸை. குஞ்சம்மாளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். இராமதாஸ் அழுகிறாள் என்று நினைத்து, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதும் தப்பில்லை. சிரிப்பாக ஆரம்பித்தது நடுவிலேயே இடம் மாறி அழுகையாகிவிட்டிருந்தது. அவர் செத்ததிலிருந்து அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மத்தியானச் சங்கு ஊதியபோது அடுப்பில் தூள் கரைந்து வெறும் தணல் ஆகியிருந்தது. இன்னொரு தகர அடுப்பில் மரத்தூளை இடித்து அடைத்துத் தயாராக வைத்துவிட்டுத்தான் அவர் செத்திருந்தார். அதைப் பற்றவைத்து, குண்டானை இதிலிருந்து அதற்கு மாற்ற வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாது. குஞ்சம்மாள் சுவர் பக்கம் போய் மெதுவாகக் கூப்பிட்டாள்.

ரோஷன் பீவி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சுவரிடுக்கு வழியாக வந்தாள். பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தாள். "நாங்ககூட இன்னிக்கு அடுப்புப் பத்தவைக்கல. நீ இன்னாடி, மையித்த கூடத்துல கெடத்தி வச்சிக்கினு?"

"நாளைக்குக் காலைல சங்கு ஊதுற வரைக்கும்தான் அக்கா. அவரு கேட்டாரு. நான் மாட்டேன்னுட்டேன்."

ரோஷன் பீவி புது அடுப்பைப் பற்றவைத்து, ஒரு சாக்கை நனைத்துவந்தாள். ஈரச்சாக்கை மடித்து இரண்டு பக்கமும் பிடித்தார்கள். ஒரு சொட்டுத் தெறித்துத் துவைக்கிற கல்லில் விழுந்து சுர்ரென்றது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்து, புது அடுப்பின் மேல் இறக்கினார்கள். கொதி நிற்கவில்லை. மூடி தடதடவென்று ஆடிக்கொண்டேயிருந்தது. ரோஷன் பீவி சாக்கைச் சுவரில் போட்டுவிட்டு, ஓதிக்கொண்டே போனாள்.

அவள் தலை மறையவும் மணியம்மாள் கொல்லைக்கு வரவும் சரியாக இருந்தது. மணியம்மாள் சாமிக்கண்ணுவுக்கு அக்கா. வில்லியனூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கி, சாவு வீட்டைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டவள். வெற்றிலை எங்கே, கோடி எங்கே, யார் எந்தப் பக்கம் உட்கார்வது, எல்லாம் அவள் வாக்கு. குளிப்பாட்டத் தண்ணீர் இறைக்க வாளியோடு வந்தவள் இரண்டு அடுப்பையும் பார்த்தாள்.

கைபம்பை நாலு அடி அடித்து, வாளியை நிறைத்து, தூக்கிக்கொண்டு நேராக அடுப்பை நோக்கி வந்தாள்.

குஞ்சம்மாள் குறுக்கே போய் நின்றாள். அவளுக்கே தெரியாமல் வாயில் வந்தது. "அது கொள்ளிக்கு வச்ச நெருப்பு அண்ணி. கொள்ளி நெருப்ப அணைப்பாங்களா?"

"கொள்ளி நெருப்பு மேல குண்டான் எதுக்குடி?"

மணியம்மாளின் மணிக்கட்டில் ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு; பத்து வருஷத்துக்கு முன் அவள் புருஷன் செத்த காரியத்தில், வளையல் உடைத்தபோது கண்ணாடி ஏறினது. வாளியின் கனத்தில் அந்தத் தழும்பு இழுபட்டு நிற்பதைப் பார்த்தபடி குஞ்சம்மாள் விலகாமல் நின்றாள்.

அந்த நேரத்தில் நடையிலிருந்து பாவாடை குரல் கொடுத்தான். சடங்கெல்லாம் நடத்திவைக்கிறவன் அவன்தான். ஐப்பசி மழை மூன்று நாளாகப் பிடித்து அடித்ததில் வறட்டியெல்லாம் நமுத்துக் கிடக்கிறது, சீமையெண்ணெய் ஊற்றியும் பிடிக்கவில்லை, கொள்ளிச்சட்டிக்குத் தணல் வேண்டும், வீட்டில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான். வந்தவன் பழைய அடுப்பைப் பார்த்தான். வாய் வரை சிவந்த தணல். முகம் மலர்ந்துபோய், "யாரும்மா இவ்ளோ முன்யோசனையா வச்சது?" என்றான்.

அவன் சட்டியை வைத்து, தகரத்தால் வாரி வாரிப் போட்டுக்கொண்டான். அதன் மேல் இரண்டு வறட்டியைச் சொருகினான், அவை மெல்லப் புகைந்து பிடித்துக்கொண்டன. தான் சொன்ன பொய் இப்படிக் கண்ணெதிரே நிஜமாகும் என்று குஞ்சம்மாள் கனவிலும் நினைக்கவில்லை. பாவாடை போன பிறகு மணியம்மாள் வாளியைக் கீழே வைத்தாள்.

"குண்டான்ல இன்னா?"

"உங்க தம்பி ஏத்தின ஒலை அண்ணி. இன்னும் வேகல."

மணியம்மாள் குண்டானைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். தம்பியைக் குளிப்பாட்டும்போது அவள் போட்ட அழுகை வேறு மாதிரி இருந்தது.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். கலியமூர்த்தி கையில் தூக்கிப் போன சட்டியிலிருந்து ஆலைத் தெரு முனை வரைக்கும் தேக்குத்தூள் புகை மணம் வந்துகொண்டிருந்தது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். கழுவின தண்ணீர் கொல்லைப் பக்கம் வருமென்று குஞ்சம்மாள் அடுப்பைச் சுற்றி நாலு செங்கல் அடுக்கி வைத்தாள். தலை முழுகும்போது சோப்பைத் தேய்த்தாள். வழக்கம்போல் திரிந்துபோய் ஒட்டிக்கொண்டது. ராத்திரிக்கு அவளும் ரோஷன் பீவியும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். அவர் சாய்ந்திருந்த சுவரில்தான் அவளும் சாய்ந்துகொண்டாள்.

புதன்கிழமை காலைச் சங்கு ஊதியதும் அடுப்பைத் தணித்தாள். ஆண்கள் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் அங்கே அவரை அள்ளி ஒரு கலயத்தில் போட்டுக் கடலில் கரைத்துக்கொண்டிருந்த நேரத்தில், இவள் இங்கே அவருடைய சாம்பலை அலசிக்கொண்டிருந்தாள். மேல் தண்ணீரைக் குழி வெட்டி அதில் வடித்தாள், புதுத் தண்ணீர் விட்டாள், தெளியவைத்தாள், மறுபடி வடித்தாள். காஸ்டிக் துளிகூட மிஞ்சக் கூடாது, மிஞ்சினால் கையைத் தின்றுவிடும் என்பது அவர் கண்டிப்பு. மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க அவர் வைத்திருந்தது மஞ்சள். காரம் இருந்தால் மஞ்சள் ரத்தமாகச் சிவக்கும். இல்லாவிட்டால் மஞ்சளாகவே இருக்கும்.

அடுக்களையில் மஞ்சள் டப்பாவைக் காணோம். மணியம்மாள் எடுத்து எங்கோ ஒதுக்கிவிட்டிருந்தாள்; இனி இந்த வீட்டுக்காரிக்கு அது எதற்கு? குஞ்சம்மாள் கழுத்திலிருந்த தாலிக் கயிற்றின் முடிச்சு முனையை இழுத்து, ஒரு குச்சியால் கழுவு தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து அதில் வைத்தாள். சிவந்தது. இன்னும் மூன்று முறை அலசினாள். கயிற்றில் வேறோர் இடத்தில் வைத்தாள். லேசாகச் சிவந்தது. பதினோராவது அலசலில் மஞ்சள் மஞ்சளாகவே நின்றது.

கிடைத்தது ஒரு படி இருக்கும், வெளிர்சாம்பல் நிறத்தில், மாவு மாதிரி. நிழலில் துணி விரித்துக் காயவைத்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் ஒரு தகர டப்பாவிலும் அடைத்தாள். சோப்புப் போட்டுப் பார்க்கவில்லை. கலியமூர்த்தி கேட்டான், ரோஷன் பீவி நச்சரித்தாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்றாள். உள்ளுக்குள் ஆகியிருக்குமா, ஆகியிருக்காதா என்று குடைந்துகொண்டேதான் இருந்தது; டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள், விரலிடுக்கில் தேய்த்துப் பார்ப்பாள், மூடிவிடுவாள். பார்த்துவிட்டால் அவருடைய காரியம் முடிந்துபோகும். ஆகவில்லை என்றால் அந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான் மிஞ்சும். அதற்குப் பயந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின சாயங்காலம், இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று தெரிந்தது. பெரிய மண்தொட்டியில் கைபம்புத் தண்ணீர் நிரப்பி, ஐந்து பிடி பொடியைப் போட்டு, துடுப்பால் ஒரு நாழிகை கலக்கி, மூடி வைத்தாள். இது குடிக்க அல்ல, துவைக்கக் குளிக்க மட்டும் என்று கலியமூர்த்தியிடம் இரண்டு தடவை சொன்னாள். காலையில் பொடி அடியில் படிந்து தண்ணீர் தெளிந்திருந்தது. மேலாக மொண்டு ஒரு வாளியில் ஊற்றி, கொல்லைக் கல்லின் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

வளையல் உடைக்க மணியம்மாள் வந்தாள். கூட இரண்டு தாலியறுத்த பெண்கள், பார்க்கச் சகிக்காமல் சுவருக்கு அந்தப்பக்கம் நின்ற ரோஷன் பீவி. மணியம்மாள் கையில் குழவிக் கல் இருந்தது. உட்காரடி, கையை நீட்டு என்றாள்.

"ஒரு நிமிசம் அண்ணி" என்றாள் குஞ்சம்மாள்.

சோப்பை எடுத்தாள். சந்தனக்கலர் சோப்பு, அவர் மிச்சம் வைத்தது. வாளியில் கையை விட்டு நனைத்து ஒரு தேய் தேய்த்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு தேய் தேய்த்தாள். விரலிடுக்கில் வெள்ளையாக எழும்பியது. எழும்பினது நிற்கவில்லை, புறங்கை மூடி, மணிக்கட்டு மூடி, முழங்கை வரைக்கும் பொங்கிப் பொங்கி, கல்லில் சொத்தென்று விழுந்தது. இந்தக் கொல்லையில் இத்தனை நுரையை யாரும் பார்த்ததில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் ரோஷன் பீவி "யா அல்லா" என்றது கேட்டது.

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, இடது கையால் முதல் வளையலைப் பிடித்தாள். பொங்கலன்றைக்கு அரை மணி நேரம் அழவைத்து ஏறின வளையல். அது மணிக்கட்டில் ஒரு தயக்கம் தயங்கி, விரல்கணு தாண்டி, நுரையோடு வழுக்கி வாளிக்குள் விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது. அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பன்னிரண்டும் வாளித் தண்ணீரின் அடியில் பச்சையாக, முழுசாகக் கிடந்தன.

உடைக்காமல் எப்படி, அது முறையில்லையே என்று கூட வந்தவர்களில் ஒருத்தி ஆரம்பித்தாள். மணியம்மாள் அவள் பக்கம் திரும்பவில்லை. குழவிக் கல்லைச் சுவரோரம் வைத்துவிட்டுத் துவைக்கிற கல்லின் எதிரே குந்தினாள். ஒரு கை நுரையை அள்ளினாள். விரலில் தேய்த்தாள், முகர்ந்து பார்த்தாள். தழும்பிருந்த மணிக்கட்டில் தடவிக்கொண்டாள்.

"இது சாம்பல்தானாடி?"

"சாம்பல்தான் அண்ணி."

குஞ்சம்மாள் செம்பால் மொண்டு தன் கை மேல் ஊற்றினாள், பிறகு மணியம்மாள் கை மேல் ஊற்றினாள். நுரை போயிற்று. வழவழப்பு மட்டும் போகவில்லை. நல்ல தண்ணீரில் சோப்பு அவ்வளவு சீக்கிரம் விடாது என்று அவர் சொல்லியிருந்தார். வெறும் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். இன்னும் வழுக்கியது. இன்னொரு செம்பு மொண்டாள்.